என்ன ஃபிளாஷ் வாங்குவது என்று கேட்டவர்களுக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கடந்த இரண்டு மாதத்துக்குள் ஏழெட்டுப் பேர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர், கெமராவுக்கு ஃபிளாஷ் ஒன்டு வாங்கணும். என்ன வாங்குறது?" கேட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படமெடுக்கும் வேலையை அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் இப்போது நம் பிள்ளைகளே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நான் ஸ்டூடியோக்காரி இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். பாடசாலையில் விழா என்றால் "டீச்சர்ட கெமரா ஈக்கிதானே" என்று என் தலையில் கட்டுவார்கள். சொந்தக்காரர் வீட்டு நிகாஹ், வலீமா என்றால் பெண்கள் பக்கம் நான்தான். அந்த அளவுதான் என் அனுபவம். இந்தப் பதிவோடு ஒரு படமும் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். பிள்ளைகளின் படத்தையும் கல்யாண வீட்டுப் படத்தையும் நான் இங்கே போடுவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் வாயால் விளக்கவேண்டிய நிலை.

2021ல் எங்கள் பரிசளிப்பு விழாவிலிருந்து தொடங்குகிறேன்.

மண்டபத்தை உங்களில் பலருக்குத் தெரியும், நம் பகுதிப் பாடசாலை மண்டபங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சீலிங் கிடையாது, உயரத்தில் அஸ்பெஸ்டஸ் ஷீட். சுவரின் கீழ்ப்பாதிக்குப் பச்சைப் பெயின்ட். மேடைக்கு மேலே இரண்டு டியூப் லைட். வெளியே கண்டி மழை, அதனால் ஜன்னல்களும் சாத்தியிருந்தன. பிள்ளைகள் வெள்ளைச் சல்வார், வெள்ளைப் பர்தா. நான் கெமராவின் தலையிலேயே ஒரு ஃபிளாஷைப் பொருத்தி, நேராகப் பார்த்து, இரண்டு மணித்தியாலம் வெடித்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பாதிப் படங்களில் பர்தா அழகாக இருந்தது, முகம் இருட்டு. அதைப் பார்த்துவிட்டு இடையில் நான் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறேன் போலும், மீதிப் பாதியில் முகம் தெரிந்தது, பர்தா எரிந்து போயிருந்தது. துணியின் ஒரு மடிப்புக்கூடக் கிடையாது, காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வியர்வை வெள்ளைப் பொட்டாக மின்னியது. பின்னால் சுவரில் எல்லோருக்கும் ஒரு கறுப்பு நிழல்.

அதில் ஒரு படம். தரம் 11 பிள்ளை ஒன்று, விஞ்ஞானத்துக்கு முதற்பரிசு. நல்ல கறுப்பு நிறம். உம்மா குவைத்தில், மூத்தும்மாதான் வளர்க்கிறா. அந்தப் பிள்ளையின் படம் எரிந்த பாதியில் அகப்பட்டிருந்தது. முகம் சப்பையாக, நிறமே இல்லாமல், மாவு பூசியது போல் வந்திருந்தது. அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் அதைக் காட்டினேன். பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இதுல நான் வெள்ளையா ஈக்கிறன். மிச்சம் நல்லா ஈக்கி. இத எனக்கு அனுப்புங்களே."

அனுப்பினேன். வேறென்ன செய்வது? அன்றே அது குவைத்துக்குப் போய் உம்மாவின் வட்ஸ்அப் படமாகிவிட்டது. நான் பிழையாக எடுத்த ஒரு படம், ஒரு பிள்ளைக்குத் தன்னைப் பற்றிக் கிடைத்த மிக நல்ல செய்தியாகிவிட்டதே என்று எனக்குப் பல நாள் உறுத்தியது. நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் கேட்கிற இரண்டாவது கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். ஸ்டூடியோவில் ஒரு கிளிக்கில் வெளுப்பாக்கித் தருகிறார்கள், கல்யாணப் பெண்ணின் கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக இருப்பதை எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த வரிசையில் நானும் ஒரு ஃபிளாஷோடு போய்ச் சேர்ந்திருந்தேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை என்று பிறகுதான் வாசித்தேன். 1950களில் கொடாக் நிறுவனம் கலர் பிரின்ட் சரியா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் "ஷேர்லி கார்ட்" என்றே அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. பல நிறத்துப் பெண்களையும் ஒன்றாக நிறுத்திய அட்டை வர 1990கள் ஆனது. நம் உம்மாமாருடைய கல்யாண அல்பங்களில் முகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

சரி, அந்தப் பிழையை எப்படித் திருத்துவது? எனக்கு முதலில் தோன்றியது, எல்லோருக்கும் தோன்றுவதுதான்: இன்னும் விலையான ஃபிளாஷ் வேண்டும். அதற்குள் 2022 வந்துவிட்டது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360ஐத் தொட்டது. டீச்சர் சம்பளத்தில் கெமராச் சாமான் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கமுடியாத காலம். ஒருவகையில் அல்லாஹ் காப்பாற்றினான். கையில் காசு இருந்திருந்தால் இன்னொரு பெரிய ஃபிளாஷை வாங்கி, அதையும் கெமராவின் தலையிலேயே வைத்து, அதே படத்தை இன்னும் பிரகாசமாக எடுத்திருப்பேன்.

வாங்க முடியாததால் வாசித்தேன். அமெரிக்காவில் பால்டிமோர் சன் பத்திரிகையில் படமெடுத்த டேவிட் ஹொபி என்பவர் 2006லிருந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வந்திருக்கிறார்: சின்ன ஃபிளாஷ் போதும், மெனுவலாக வேலை செய்தால் போதும், ஆனால் அதைக் கெமராவிலிருந்து கழற்றித் தள்ளி வை. ஸ்டூடியோ லைட்டுக்குக் காசில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் உலகமெங்கும் அவரிடமிருந்துதான் இதைப் படித்தார்கள். நானும் அந்தக் கடைசி வாங்கில் இருந்த மாணவி.

ஏன் கழற்றவேண்டும்? கெமராவுக்கு மேலே இருக்கிற வெளிச்சம் கண் பார்க்கிற திசையிலேயே போகிறது. நிழல்கள் எல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அதனால் முகம் சப்பை. வெளிச்சத்தை ஒரு பக்கமாக, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் மூக்குக்கு ஒரு பக்கம் வரும், கன்னத்துக்கு ஒரு வளைவு வரும், பர்தாவின் மடிப்பு மடிப்பாகத் தெரியும்.

கறுப்புத் தோலுக்கு இது இன்னும் முக்கியம். வெளுத்த முகத்துக்கு நிழல் வடிவம் கொடுக்கிறது. கறுத்த முகத்தில் நிழல் அவ்வளவாகத் தெரியாது, அங்கே வடிவம் கொடுப்பது தோலில் விழும் மினுக்கம்தான். சின்ன ஃபிளாஷ் நேராக அடித்தால் அந்த மினுக்கம் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதே ஃபிளாஷைப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குடைக்குள்ளால் அனுப்பினால், அது கன்ன எலும்பிலிருந்து தாடை வரை மெதுவாக வழிகிறது. நிறம் நிறமாகவே இருக்கும், முகம் உயிரோடு இருக்கும்.

ஒரு பெண்பிள்ளைக்கும் இந்த இடத்தில் ஒரு மூத்தவர் இருக்கிறார். பெயரே ஜூலியா மார்கரெட் கெமரன். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் கொடுத்த கெமராவோடுதான் தொடங்கினார், இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டையே கண்ணாடி போட்டு ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். அவர் எடுத்த முகங்களில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருவதைப் பார்க்கலாம். 1875ல் இலங்கைக்கு வந்து, 1879ல் இங்கேயே இறந்தார். கபுர் நம் மலைநாட்டில், பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. ஹட்டன் பக்கம் ட்ரிப் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முப்பது வயதாகிவிட்டது, இனி என்ன கெமரா என்று என்னிடம் சொல்பவர்களுக்கு அவருடைய வயதைத்தான் சொல்வேன்.

இனிக் கடைக்குப் போவோம்.

கடையில் முதலில் சொல்வார்கள், டி.டி.எல். உள்ளதை எடுங்கள் என்று. டி.டி.எல். என்றால் ஃபிளாஷ் முதலில் சின்னதாக ஒரு வெடிப்பு வெடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தைக் கெமரா அளந்து, எவ்வளவு வேண்டும் என்று தானே முடிவெடுக்கும். ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும், நடந்து வரும் மணப்பெண்ணுக்கும் அது நல்லதுதான். ஆனால் அளக்கும் கெமராவுக்கு முன்னால் நிற்பது முழுக்க வெள்ளை உடை. வெள்ளையை அது "ஆ, வெளிச்சம் கூடிவிட்டது" என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் இருட்டாகும். என் படங்களில் முதல் பாதிக்கு நடந்தது அதுதான். அடுத்த பிள்ளைக்குப் பின்னால் கறுப்புத் திரை வந்தால் கணக்கு மாறும். ஒரே மேடை, ஒரே இடம், நூறு பிள்ளை, நூறு விதமான படம்.

மெனுவல் ஃபிளாஷ் அப்படி இல்லை. கால்வாசிப் பவர் என்று வைத்தால் காலை முதல் பின்னேரம் வரை கால்வாசிதான். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் யார் வந்து நின்றாலும் ஒரே வெளிச்சம். பரிசளிப்புக்கும் வகுப்புப் படத்துக்கும் நிகாஹ் மேடைக்கும் எனக்கு வேண்டியது இதுதான். விலையும் டி.டி.எல். உள்ளதை விட நன்றாகக் குறைவு.

கடைசியில் நான் 2023ல் எடுத்தது கொடொக்ஸ் டிடி 600. மெனுவல் மாத்திரம். உள்ளேயே ரேடியோ ரிசீவர் இருக்கிறது, கெமராவின் மேல் ஒரு சின்ன ட்ரிகரை வைத்தால் போதும், வயரும் இல்லை, தனி ரிசீவரும் இல்லை. யொங்னுவோ 560 நான்காம் மாதிரியும் இதே வேலையைச் செய்யும், அதில் அனுப்புவது பெறுவது இரண்டும் உள்ளேயே இருக்கிறது. இரண்டில் எது என்றால், உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் எது இருக்கிறதோ அதை எடுங்கள். ட்ரிகரை ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கலாம். ஒரு கம்பனியின் ட்ரிகர் மற்றதோடு பேசாது, அதனால் ஒன்றைத் தொடங்கினால் அதிலேயே இருங்கள்.

ஃபிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று ஒரு முறையும் இருக்கும். வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டால் இதுவும் வெடிக்கும். ட்ரிகர் காசு மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் போட்டுப் பாருங்கள், அடுத்த பக்கத்தில் யார் படமெடுத்தாலும் உங்கள் ஃபிளாஷ் வெடிக்கும். ரேடியோதான் சரி.

பெட்டியில் பெரிய எழுத்தில் "கைட் நம்பர் 60" என்று போட்டிருப்பார்கள். இந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸில் வைக்கவேண்டிய எஃப் எண் வரும். உதாரணமாகக் கைட் நம்பர் 32, தூரம் 4 மீட்டர் என்றால் எஃப் 8, ஐஎஸ்ஓ 100ல். ஆனால் அந்த 60, ஃபிளாஷின் தலையை 200 மில்லிமீட்டருக்குக் கூராகச் சுருக்கி அளந்தது. அகலமாக வைத்தால் எண் நன்றாக இறங்கும். குடை போட்டால் அதுவும் ஒன்று, ஒன்றரை ஸ்டொப்பைக் குடித்துவிடும். ஆகவே 58ஆ 60ஆ என்று மண்டையை உடைக்காதீர்கள்.

தூரம்தான் பெரிய விஷயம். இதை நான் ஃபோட்டோக்காரரிடம் படிக்கவில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் துணைச்சாதனம் செய்யச் சொன்னபோது செய்த ஒரு விளையாட்டு. ஒரு டோர்ச் பல்ப், சதுரத் துளை போட்ட அட்டை, பின்னால் கிராஃப் தாள். துளை இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் தாளைப் பிடித்தால் அதே வெளிச்சம் 4 சதுரத்தில் பரவும், மூன்று மடங்கில் 9 சதுரம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. பத்துப் பன்னிரண்டு வருஷம் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். வகுப்புப் படம் எடுக்கும்போது ஒருநாளும் ஞாபகம் வரவில்லை!

மூன்று வரிசைப் பிள்ளைகள். குடையை முன்வரிசைக்கு 2 மீட்டரில் வைத்தேன், பின்வரிசை 4 மீட்டரில். பின்வரிசைக்குக் கிடைத்தது முன்வரிசையின் கால்வாசி வெளிச்சம். பின்னால் நிற்பது உயரமான பிள்ளைகள், எப்போதும் அவர்கள்தான் இருட்டில். இப்போது குடையை 6 மீட்டருக்குப் பின்னே கொண்டுபோகிறேன். பின்வரிசை 8 மீட்டர். அவர்களுக்குப் பாதிக்கும் கொஞ்சம் மேலே கிடைக்கிறது, அதைப் பிறகு கணினியில் சமாளிக்கலாம். ஆனால் 2 மீட்டரிலிருந்து 6க்குப் போனதில் வெளிச்சம் ஒன்பதில் ஒன்றாகிவிட்டது, அதற்கு ஐஎஸ்ஓவை 100லிருந்து 800க்கு ஏற்றவேண்டும். இன்றைய கெமராக்களுக்கு 800 ஒரு பிரச்சினையே இல்லை. பவர் கூடிய ஃபிளாஷுக்குக் கொடுக்கும் காசை விட இது மலிவு.

மறந்துவிடக் கூடாத ஒன்று, உங்கள் கெமராவின் தலையைப் பாருங்கள். ஃபிளாஷ் நுழைகிற அந்தத் தகட்டில், நடுவில் பெரிதாக ஒரு வட்டப் புள்ளி இருக்கவேண்டும். மலிவான மெனுவல் ஃபிளாஷும் ட்ரிகரும் அந்தப் புள்ளியால்தான் வெடிக்கின்றன. கெனன் 1500டி, 3000டி, 200டி இரண்டாம் மாதிரி ஆகியவற்றில் அந்தப் புள்ளி கிடையாது. நம் பிள்ளைகள் தொடக்கத்தில் வாங்குவதும் இவற்றைத்தான். இவை இருந்தால் கெனனின் சிக்னலைப் புரிந்துகொள்ளும் ட்ரிகர் வேண்டும். கொடொக்ஸ் எக்ஸ்2டி ட்ரிகரில் கெனனுக்கான மாதிரி அப்படிப்பட்டது. சொனிக்காரர்களுக்கும் ஷூ வேறு, டிடி 600 எஸ் என்று தனியாக இருக்கிறது. எதுவானாலும் உங்கள் கெமராவைக் கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே போட்டு, பத்துத் தடவை வெடிக்க வைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். புறக்கோட்டைக்குப் போய் வாங்கி, கண்டிக்குத் திரும்பும் ரயிலில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பழையது வாங்கினாலும் ஒரு எச்சரிக்கை. வாப்பாமார் காலத்து ஃபிளாஷ் அல்மாரியில் இருக்கும். பழைய விவிட்டார் 283 போன்ற சிலவற்றில் கெமராவைத் தொடும் புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேலே வரும். டிஜிட்டல் கெமராவின் தலையில் அதை வைக்காதீர்கள். ஞாபகத்துக்கு ஷோகேஸில் வையுங்கள்.

பெட்டரி: இதற்கு நான்கு டபிள்-ஏ. ரீசார்ஜ் ஆகிற நிக்கல் பெட்டரி, எனெலூப் மாதிரி, எட்டு வாங்குங்கள், நான்கு உள்ளே நான்கு பையில். முழுப் பவரில் அடித்தால் மறுபடி தயாராக இரண்டரை நொடி எடுக்கும். நான் கால்வாசிக்கு மேலே அபூர்வமாகத்தான் போவேன், அதனால் காத்திருந்த ஞாபகம் இல்லை. வருமானத்துக்கு வாரம் இரண்டு கல்யாணம் எடுப்பவர் என்றால் கதை வேறு. லித்தியம் பெட்டரி உள்ள வி860 வகைக்குப் போங்கள். முழுப் பவரிலும் ஏறக்குறைய ஒன்றரை நொடிதான், பெட்டரி மாற்றி மாற்றி மாமிமாரைக் காக்க வைக்கத் தேவையில்லை. வட்டத் தலை ஃபிளாஷ் மென்மையான வெளிச்சம் தரும் என்று சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். மென்மை வருவது வெளிச்சத்தின் அளவிலிருந்து. வட்டமானாலும் சதுரமானாலும் தலை உள்ளங்கையளவுதானே. அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணமும் அப்படியே. திறந்த மண்டபத்தில் அது பெட்டரியைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

குடைதான் வேண்டும். வெள்ளைத் துணிக் குடை, 43 அங்குலம், ஒரு ஸ்டான்ட், இரண்டையும் இணைக்கிற ஒரு பிடி. ஸ்டான்டின் காலில் தொங்கவிட ஒரு பை மணல். மணல் பையைச் சிரிக்காமல் கேளுங்கள். தெல்தோட்டையில் ஒரு வலீமாவில் ஜன்னலால் வந்த காற்று என் குடையைப் பிரியாணிச் சஹனுக்குள்ளேயே இறக்கியது. ஃபிளாஷ் பிழைத்தது. பிரியாணியும் பிழைத்தது. என் மானம்தான்.

பேராதனைப் பூங்காவில் பகல் வெயிலில் மணமக்களை எடுக்க ஆசைப்படுபவர்கள் "ஹை ஸ்பீட் சிங்க்" இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணமாக ஃபிளாஷோடு 1/200க்கு மேலே ஷட்டர் போகாது, போனால் படத்தில் கறுப்புப் பட்டி விழும். நல்ல வெயிலில் 1/200 என்றால் எஃப் 11 வரை மூடவேண்டும். பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8 வேண்டுமென்றால் ஷட்டர் 1/3200 ஆகவேண்டும். அதற்குத்தான் இந்த வசதி. பவர் நிறையக் குறையும், குடை கிட்ட வரவேண்டும். மண்டபத்துக்குள் எடுப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

ஃபிளாஷ் வந்த முதல் வாரம் யாரை வைத்துப் பழகுவது? வீட்டில் எல்லோரும் ஓடிவிட்டார்கள். உரித்த தேங்காய் ஒன்றுக்கு வெள்ளைத் துணியைப் பர்தா மாதிரிக் கட்டி மேசையில் வைத்தேன். பாருங்கள், கறுத்த உருண்டை, சுற்றிலும் வெள்ளை, இதைவிடப் பொருத்தமான மாணவி கிடைக்காது. கணவர் இஷாத் தொழுதுவிட்டு வந்து வாசலிலேயே நின்று, "ஸுப்ஹானல்லாஹ், இது யாரு?" என்றார். அந்தத் தேங்காயில்தான் எல்லாம் படித்தேன். பவரைக் கூட்டிக்கொண்டே போய், கெமராத் திரையில் வெள்ளைத் துணி மினுங்கி எச்சரிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்கவேண்டும். குடையை நேராக முகத்துக்குக் காட்டாமல், அதன் ஓர வெளிச்சம் மட்டும் துணியில் படும்படி கொஞ்சம் முன்னே திருப்பவேண்டும். அப்போது கிட்ட இருக்கிற துணி எரியாது. மறுபக்கத் துணி தானாகவே வெளிச்சத்தைக் கன்னத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். ரோ ஃபைலாக எடுத்தால் முகத்தைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம். கண்ணாடி போட்ட பிள்ளை என்றால், கண்ணாடியிலிருந்து குடையின் வெள்ளை மறையும் வரை ஸ்டான்டை உயர்த்தவேண்டும். (தேங்காய்க்கு என் மூக்குக் கண்ணாடியையும் போட்டேன். அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.)

அந்த வருடப் பரிசளிப்புக்கு மேடையின் இடப்பக்கத் தூணில் ஸ்டான்டைக் கயிற்றால் கட்டினேன். பரிசு வாங்கும் இடத்தில் தரையில் டேப்பால் ஒரு கூட்டல் அடையாளம் போட்டேன். அதிபரிடமும் பிரதம அதிதியிடமும் அந்தக் கூட்டலைக் காட்டி, "இதுலதான் நிக்கணும்" என்று முதலே சொல்லிவிட்டேன். கால்வாசிப் பவர், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800. முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரை ஒரு பட்டனையும் தொடவில்லை. வெளுத்த பிள்ளையும் கறுத்த பிள்ளையும் அடுத்தடுத்து வந்தார்கள், இரண்டு பேருடைய பர்தாவிலும் மடிப்பு இருந்தது, இரண்டு பேருக்கும் முகம் இருந்தது.

அந்தப் பிள்ளை அப்போது உயர்தரம். மண்டபத்தில் வேலைக்கு உதவியாக வந்திருந்தது. விழா முடிந்து வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "மகள், கொஞ்சம் வந்து இதுல நில்லுங்க" என்று கூட்டலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கெமராவின் திரையில் காட்டினேன். முதல் தடவை போல் சிரிப்பில்லை. விரலால் பெரிதாக்கி, முகத்தை இங்கும் அங்கும் நகர்த்தி, நெடுநேரம் பார்த்தது. நான் ஏதோ கேட்கப் போனேன், வாயை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், என்ட மூத்தும்மா மாதிரி ஈக்கி" என்றது.

நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. இதையும் அனுப்பச் சொல்லிக் கேட்டது, அனுப்பினேன். குவைத்தில் உம்மாவின் வட்ஸ்அப்பில் இன்றைக்கும் அந்தப் பழைய வெள்ளைப் படம்தான் இருக்கிறது, எப்போதாவது நம்பர் கண்ணில் படும்போது பார்ப்பேன். மூத்தும்மா மட்டும் இரண்டாவது படத்தைக் கட்டுகஸ்தோட்டையில் பிரின்ட் போட்டு ஃப்ரேம் பண்ணி வைத்திருக்கிறா என்று பிள்ளை ஒருநாள் பஸ்ஸில் சொன்னது.

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில்: மெனுவல் ஃபிளாஷ் ஒன்று, அதே கம்பனி ட்ரிகர் ஒன்று, ஸ்டான்ட், 43 அங்குலக் குடை, எட்டுப் பெட்டரி, மணல் பை. அதற்கு மேலே கையில் காசு மிச்சமிருந்தால் இரண்டாவது ஃபிளாஷுக்கு ஓடவேண்டாம், முதலில் ஒரு வருஷம் இதை எடுங்கள். வாங்குமுன் அந்தப் புள்ளியைப் பார்க்க மறக்கவேண்டாம்.

வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வரலாம், வீட்டில்தான் இருப்பேன். பெண்பிள்ளைகள் மட்டும். கெமராவும் சார்ஜ் ஏற்றிய பெட்டரியும் கொண்டுவாருங்கள். தேங்காய் என்னிடம் இருக்கிறது.